பள்ளி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்கு அடுக்கடுக்காக உதவி வழங்கும் எம்.டி.எஸ்.எஸ். முறையைப் பற்றியும், அது ஒழுங்காக நடக்கிறதா என்று பள்ளிகளே ஆண்டுதோறும் செய்துகொள்ளும் சுயமதிப்பீட்டைப் பற்றியும் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு அங்கு வாழும் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும், தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவரும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளை வாசிப்புக்காக 'இரண்டாம் அடுக்கு'க் குழுவில் சேர்ப்பதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நம் ஊரில் படிக்காத பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்களே, அதற்கு இங்கே வைத்திருக்கும் பெயர்தானா இது?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த முறையே வந்தது. நோய் வந்த பிறகு மருத்துவம் பார்ப்பதோடு நில்லாமல், எல்லோருக்கும் பொதுவான தடுப்பு, ஆபத்து கூடியவர்களுக்குக் கூடுதல் கவனம், நோயுற்றவர்களுக்குத் தீவிர சிகிச்சை என்று பொதுச் சுகாதாரத் துறை பகுத்துக்கொண்ட அதே வழியைத்தான் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. முதல் அடுக்கு என்பது வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் நல்ல பாடம். பெரும்பாலான பள்ளிகளில் ஆண்டுக்கு மூன்று முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு சோதனை வைத்து, அதில் பின்தங்கியவர்களைச் சிறு குழுவாக அமர்த்தி வாரத்தில் சில நாட்கள் கூடுதலாகச் சொல்லித் தருவார்கள். அதுதான் இரண்டாம் அடுக்கு. அதிலும் முன்னேற்றம் தெரியாத மிகச் சிலருக்குத் தனிப்பட்ட தீவிர உதவி தருவது மூன்றாம் அடுக்கு. முதல் அடுக்கு மட்டுமே 80 சதவீதப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், சுமார் 15 சதவீதத்தினருக்கு இரண்டாவதும், 5 சதவீதத்தினருக்கு மூன்றாவதும் தேவைப்படலாம் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அது ஒதுக்கீடு அல்ல.

பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தச் சோதனையின் அடிப்படையில் சேர்த்தார்கள், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தை அளப்பார்கள், எந்த நிலையை எட்டினால் குழுவிலிருந்து விடுவிப்பார்கள் என்று கேளுங்கள். இந்தக் குழு வகுப்புப் பாடத்துக்கு மேலாக நடக்கிறதா, அதற்குப் பதிலாக நடக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். வாசிப்புப் பாட நேரத்திலேயே பிள்ளையை வெளியே அழைத்துப் போனால், கூடுதல் உதவி என்பது பெயரளவில்தான் இருக்கும். உள்ளே போவதற்கு வழி இருந்து வெளியே வருவதற்கு வழி சொல்லப்படாத குழுவாக இருந்தால், நீங்கள் சொன்ன கடைசி பெஞ்சுக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

கேள்வி: நான் பணிபுரியும் நடுநிலைப் பள்ளி, டி.எஃப்.ஐ. சுயமதிப்பீட்டின் முதல் அடுக்கில் 30-க்கு 22 மதிப்பெண் பெற்றது. தேர்ச்சிக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பாராட்டும் கிடைத்தது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக்காகத் தலைமையாசிரியர் அலுவலகத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் கறுப்பின மாணவர்களின் பங்கு மூன்று ஆண்டுகளாகக் குறையவில்லை. மதிப்பீடு பொய் சொல்கிறதா?
– ஆசிரியர், ராலே, வட கரோலினா

பதில்: பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்தக் கூட்டுத்தொகை பதில் வைத்திருக்கவில்லை, அவ்வளவே. மற்ற வாசகர்களுக்காக: டி.எஃப்.ஐ. என்பது பிள்ளைகளின் நடத்தை சார்ந்த பி.பி.ஐ.எஸ். என்ற அடுக்குமுறையைப் பள்ளி எந்த அளவுக்கு உண்மையாக நடைமுறைப்படுத்துகிறது என்று அளக்கும் படிவம். அதில் முதல் அடுக்குக்கு 15 கூறுகள், இரண்டாவதற்கு 13, மூன்றாவதற்கு 17. ஒவ்வொரு கூறுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் போட வேண்டும். முதல் அடுக்கில் 70 சதவீதம், அதாவது 30-க்கு 21 வந்தால் முறை ஓரளவு நிலைபெற்றுவிட்டதாகக் கொள்வார்கள்.

இனி உங்கள் 22-ஐப் பிரித்துப் பாருங்கள். எது தவறான நடத்தை என்பதற்குத் தெளிவான வரையறை, ஒழுங்கு நடவடிக்கை விதிகள், மாணவர்–குடும்பம்–சமூகத்தின் பங்கேற்பு, ஒழுங்கு நடவடிக்கைத் தரவு என்ற நான்கு கூறுகள் அந்தப் பதினைந்துக்குள் இருக்கின்றன. இந்த நான்கிலும் பூஜ்யம் வாங்கி, மற்ற பதினொன்றிலும் முழு மதிப்பெண் வாங்கினால் கிடைப்பது 22. பாராட்டும் பரிசும், சுவரில் ஒட்டிய விதிமுறைச் சுவரொட்டியும், குழுக்கூட்ட அட்டவணையும் ஒழுங்காக இருந்து, யார் எதற்காகத் தண்டிக்கப்படுகிறார்கள் என்பதை மட்டும் கவனியாத ஒரு பள்ளி 73 சதவீதத்துடன் தேர்ச்சி பெற்றுவிட முடியும். உங்கள் பள்ளி அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டுத்தொகையை மூடி வைத்துவிட்டுக் கூறு வாரியான தாளை எடுத்து, பூஜ்யமும் ஒன்றும் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அடுத்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் அலுவலகத்துக்கு அனுப்பிய பதிவுகளைப் பிரிவு வாரியாகப் பிரித்து வையுங்கள். கணக்கு எளிது. ஓர் எடுத்துக்காட்டாக 600 பிள்ளைகள் உள்ள பள்ளியில் கறுப்பின மாணவர்கள் 90 பேர் என்றும், அவர்களில் 18 பேர் ஒருமுறையாவது அனுப்பப்பட்டதாகவும் வைத்துக்கொள்வோம். அது 20 சதவீதம். மற்ற 510 பேரில் 34 பேர் அனுப்பப்பட்டால், அது ஏறக்குறைய 6.7 சதவீதம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மூன்று. ஒரு கறுப்பினப் பிள்ளை அனுப்பப்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளையைப் போல் மூன்று மடங்கு என்பது அதன் பொருள். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் இந்தச் சாய்வு உண்டு. 2013–14 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதமாக இருக்க, பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 39 சதவீதம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இந்த இடத்தில்தான் பல பள்ளிகள் வழி தவறுகின்றன. மூன்று மடங்கு என்ற எண்ணைப் பார்த்த பதற்றத்தில், அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளையும் அப்படியே இரண்டாம் அடுக்கில் சேர்த்து, காலையும் மாலையும் ஓர் ஆசிரியரிடம் அட்டையில் கையெழுத்து வாங்கும் 'செக்-இன் செக்-அவுட்' திட்டத்தில் போட்டுவிடுவார்கள். செயல்பட்டோம் என்ற நிறைவு பெரியவர்களுக்குக் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சட்டைப் பையில் இன்னோர் அட்டை சேரும். ஒரு பிரிவு முழுவதற்கும் எண் ஏறியிருக்கிறது என்றால், பழுது பெரும்பாலும் முதல் அடுக்கில் இருக்கிறது என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். கூரை ஒழுகும்போது கீழே இருக்கும் குடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

ஆகவே பதிவுகளை இன்னும் உடைத்துப் பாருங்கள். என்ன குற்றம், எந்த இடம், எந்த மணி, வகுப்பறைக்குள்ளா வெளியிலா? ரஸ்ஸல் ஸ்கிபாவும் அவருடன் பணியாற்றியோரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையின மாணவர்கள் புகைபிடித்தல், பொருள்களைச் சேதப்படுத்துதல் போன்று கண்ணால் கண்டு சொல்லக்கூடிய செயல்களுக்காக அதிகம் அனுப்பப்பட்டார்கள். கறுப்பின மாணவர்களோ அவமரியாதை, அதிகச் சத்தம் போன்று ஆசிரியரின் கணிப்பைப் பொறுத்த காரணங்களுக்காக அதிகம் அனுப்பப்பட்டார்கள். கென்ட் மெக்கின்டாஷ் முதலிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட நேரங்களைத் 'தடுமாறும் முடிவுத் தருணங்கள்' என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். களைத்துப் போன ஆசிரியர், தெளிவில்லாத விதி, நொடியில் எடுக்கும் முடிவு ஆகிய மூன்றும் சேரும்போது, அறியாமலே மனத்தில் படிந்த சாய்வு வேலை செய்கிறது என்பது அவர்கள் வாதம். மதிய உணவுக்குப் பிந்தைய கடைசி இரண்டு பாடவேளைகளில், 'அவமரியாதை' என்ற ஒரே காரணத்தின் கீழ் பதிவுகள் குவிந்திருப்பதாக உங்கள் தரவு காட்டினால், உங்கள் கையில் இருப்பது பதினெட்டுப் பிள்ளைகளின் குணக்கேடு அல்ல. ஒரு சொல்லுக்கு வரையறை இல்லாததும், நாளின் ஒரு மணி நேரமும்தான்.

அதற்கான மருந்தும் அந்த 15 கூறுகளுக்குள்ளேயே கிடக்கிறது. நடத்தை வரையறை என்ற கூறை எடுத்து, எது வகுப்பறையிலேயே ஆசிரியர் தீர்க்க வேண்டியது, எது அலுவலகத்துக்குப் போக வேண்டியது என்று பிள்ளைகளின் குடும்பத்தாரையும் உட்கார வைத்து எழுதுங்கள். குரலை உயர்த்திப் பேசுவது ஒரு வீட்டில் துடுக்கு, இன்னொரு வீட்டில் உற்சாகம். அதைச் சொல்ல அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். பிறகு அந்தக் கடைசி இரண்டு பாடவேளைகளுக்கு மட்டும், ஆசிரியர்கள் முடிவெடுக்குமுன் கைக்கொள்ள வேண்டிய ஒரு சிறு வழக்கத்தைப் பேசி வையுங்கள்: 'இதைப் பற்றி வகுப்பு முடிந்ததும் பேசுவோம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவதே போதுமானதாக இருக்கலாம். ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து அதே விகிதத்தை மறுபடி கணக்கிடுங்கள். எண் அசையவில்லையென்றால் ஆசிரியர்கள் அந்த வழக்கத்தை உண்மையில் கைக்கொண்டார்களா என்பதை முதலில் பாருங்கள். அதன் பிறகே வேறு திட்டம்.

கேள்வி: தனக்குத் தானே மதிப்பெண் போடச் சொன்னால் யார்தான் குறைத்துப் போடுவார்கள்?
– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: நியாயமான ஐயம். டி.எஃப்.ஐ. படிவத்தை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் உடனிருக்க வேண்டும் என்றும், முதல் அடுக்குக்கு மதிப்பெண் போடுமுன் பள்ளியைச் சுற்றி வந்து குறைந்தது பத்து மாணவர்களிடமும், பணியாளர்களில் பத்தில் ஒரு பங்கினரிடமும் நேரில் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். 'நம் பள்ளியின் எதிர்பார்ப்புகள் என்னென்ன?' என்று நடைவழியில் நிறுத்திக் கேட்கும்போது மாணவன் விழித்தால், சுவரில் எத்தனை அழகான பலகை இருந்தாலும் அந்தக் கூறுக்கு இரண்டு போட முடியாது. என் பார்வையில் இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அந்தப் பத்து மாணவர்கள் யார் என்பதை எழுதி வைக்க வேண்டும். மாணவர் மன்றத் தலைவர்களாகப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்தால் பதில் எப்போதும் இனிக்கும். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளை, சென்ற மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டுத் திரும்பிய பிள்ளை ஆகியோரும் அதில் இருக்கட்டும்.

மதிப்பெண்ணோடு நிதியையோ பதவி உயர்வையோ பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்ட நிர்வாகம் கட்டி வைத்தால், மறு ஆண்டே எல்லாப் பள்ளியும் தொண்ணூறுக்கு மேல் காட்டும். குறைந்த மதிப்பெண்ணை அச்சமின்றி எழுதக்கூடிய பள்ளியில்தான் சுயமதிப்பீட்டால் பயன் உண்டு.

கேள்வி: என் அண்ணன் மகன் சென்ற ஆண்டு மதுரையிலிருந்து வந்து நான்காம் வகுப்பில் சேர்ந்தான். ஆங்கில வாசிப்பில் பின்தங்கியதால் மூன்றாம் அடுக்கு வரை போய்விட்டான். தமிழிலும் அவனுக்கு எழுத்துகள் குழம்புவதால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கும்படி அண்ணி கேட்டார். 'எல்லா அடுக்கும் முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்கிறார்கள்.
– வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: அப்படிச் சொல்லித் தள்ளிப்போட அவர்களுக்கு உரிமை இல்லை. அடுக்குமுறை உதவியைக் காரணம் காட்டிச் சிறப்புக் கல்விக்கான மதிப்பீட்டைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்வி அலுவலகம் 2011 ஜனவரியிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. உங்கள் அண்ணி தம் கோரிக்கையை எழுத்தில், தேதியிட்டுத் தர வேண்டும். தமிழிலும் எழுத்து குழம்புகிறது என்ற செய்தி அக்கடிதத்தின் முதல் பத்தியிலேயே இருக்கட்டும், ஏனென்றால் இரண்டு மொழியிலும் தெரியும் தடுமாற்றத்தை வெறும் மொழிப் பழக்கமின்மை என்று சொல்லிவிட முடியாது. பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தரவும், மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும் பள்ளி கடமைப்பட்டது. தமிழ் என்றால் தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

சுயமதிப்பீட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மூன்றாம் அடுக்கில் இருப்பவர்களில் எத்தனை பேர் புதிதாக ஆங்கிலம் கற்பவர்கள் என்று பள்ளி எண்ணிப் பார்க்க வேண்டும். வந்து ஓராண்டான பிள்ளையை, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே அளவு காலம் ஆங்கிலம் கற்ற, அதே போன்ற பின்னணியுள்ள பிள்ளைகளோடு ஒப்பிடுவதுதான் முறை. அவர்களில் பெரும்பாலோர் பின்தங்கியிருந்தால் முதல் அடுக்கில் ஆங்கிலம் கற்பிக்கும் விதத்தைத் திருத்த வேண்டும். உங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கியிருந்தால் அண்ணியின் ஐயம் வலுப்பெறுகிறது.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில், தமிழ்நாட்டு அரசின் அடிப்படை எழுத்தறிவு–எண்ணறிவுத் திட்டமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். சாலா சித்தி சுயமதிப்பீடும் நிரப்பியிருக்கிறோம். நீங்கள் எழுதும் அமெரிக்க முறையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?
– ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கருவிகள் இரண்டும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் குறைவு. 2015-இல் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனமான நீபா கொண்டுவந்த சாலா சித்தியில் 7 களங்கள், 46 தர அளவுகள். ஒவ்வொன்றிலும் பள்ளி தன்னை மூன்று நிலைகளில் ஒன்றில் வைத்துக்கொள்ள வேண்டும்; மூன்றாம் நிலையே உயர்ந்தது. உள்ளடக்கிய கல்வி, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கென்று தனிக் களமே உண்டு. எண்ணும் எழுத்தும் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது.

நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலை இது. பருவத் தொடக்கத்தில் அரும்பு நிலையில் இருந்து, பருவம் முடிந்த பிறகும் அரும்பிலேயே இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வருகை நாட்கள், பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போகும் குடும்பமா, இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறதா, வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கு வந்த பிள்ளையா என்பவற்றைக் குறியுங்கள். தாளில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளடக்கிய கல்விக் களத்தில் உங்கள் பள்ளி தனக்குப் போட்டுக்கொண்ட நிலையை அதோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் நிலை என்று அங்கே எழுதியிருந்து, சூளைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள் எல்லாம் அரும்பிலேயே நின்றிருந்தால், திருத்த வேண்டியது அந்த மூன்றை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தத் தாளைப் பெயர்கள் இல்லாமல் வையுங்கள். பெயரோடு வைத்தால் ஊரில் வேறு பேச்சாகிவிடும். அரும்பு, மொட்டு என்ற பகுப்பு அமெரிக்க அடுக்குகளுக்கு அப்படியே ஈடானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே அடுக்கு என்பது உதவியின் அளவைக் குறிக்கிறது. வகுப்புக்குரிய பாடத்தை எந்த அடுக்கில் உள்ள பிள்ளைக்கும் நிறுத்துவதில்லை.

கேள்வி: இப்போதைய அமெரிக்க அரசு, இன அடிப்படையில் எண்ணிப் பார்ப்பதையே எதிர்க்கிறதே, இந்த வேலையெல்லாம் இனி நடக்குமா?
– வாசகர், சிகாகோ

பதில்: ஊசல் இது முதல் முறை ஆடுவதல்ல. ஒழுங்கு நடவடிக்கையில் இனப் பாகுபாடு கூடாது என்று 2014-இல் ஒபாமா அரசு அனுப்பிய வழிகாட்டுதலை 2018 டிசம்பரில் ட்ரம்ப் அரசு திரும்பப் பெற்றது. 2025 ஏப்ரலில் அதே திசையில் ஓர் ஆணையும் வந்தது. ஆனால் சிறப்புக் கல்விச் சட்டமான ஐ.டி.இ.ஏ., சிறப்புக் கல்வியில் சேர்ப்பதிலும் ஒழுங்கு நடவடிக்கையிலும் இன வேறுபாட்டால் விகிதம் பெரிதும் சாய்ந்திருக்கிறதா என்று மாநிலங்கள் ஆராய வேண்டும் என்றும், சாய்ந்திருக்கும் கல்வி மாவட்டங்கள் அச்சட்டத்தின் கீழ்ப் பெறும் நிதியில் 15 சதவீதத்தை முன்கூட்டிய உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். மாநிலங்களும் தம் வழியில் போகின்றன: 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற காரணத்துக்காகப் பிள்ளைகளை இடைநீக்கம் செய்வதைக் கலிஃபோர்னியா படிப்படியாகத் தடுத்து, 2024 ஜூலையிலிருந்து உயர்நிலை வகுப்புகளுக்கும் விரித்துவிட்டது.

கேள்வி: எங்கள் சிறிய பள்ளியில் பூர்வகுடி மாணவர்கள் பதினொருவர்தான். இருவர் ஒழுங்கு நடவடிக்கைக்காக அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டாலே விகிதம் எகிறுகிறது. இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?
– ஆசிரியை, விஸ்கான்சின்

பதில்: விகிதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மத்திய விதிகளே மாநிலங்களுக்கு இந்தச் சலுகையைத் தருகின்றன: ஒரு பிரிவில் 30 பேருக்குக் குறைவாக இருந்தாலோ, நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ கணக்கிலிருந்து விலக்கலாம், மூன்றாண்டுத் தரவைச் சேர்த்தும் பார்க்கலாம். மாவட்ட அளவில் அது சரி. பள்ளிக்குள் பதினொரு பிள்ளைகள் என்பது விலக்குவதற்கான காரணம் ஆகாது; ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்துகொள்ள முடிகிற அளவு அது. மூன்றாண்டுப் பதிவுகளை எடுத்து, இந்தப் பதினொருவரில் யார் எந்த அடுக்கில் சேர்க்கப்பட்டார்கள், எவ்வளவு நாளில் வெளியே வந்தார்கள், அவர்கள் வீட்டாரோடு கடைசியாக எப்போது நல்ல செய்திக்காகப் பேசினோம் என்று வரிசையாக எழுதுங்கள். அறிக்கையில் மட்டும் எண்ணை வெளியிட வேண்டாம். இவ்வளவு சிறிய ஊரில் பதினொருவரில் இருவர் என்றால் அது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.